சி4 சிப்பாயை எப்போது வெட்டுவது?



செஸ் கிளப்புகளில் பரவலாக ஒரு பேச்சு உண்டு. அதிரடி வேண்டுமா, ராஜாவின் சிப்பாயைத் தள்ளு. நிதானமாக நாலு மணி நேரம் உட்கார வேண்டுமா, ராணியின் சிப்பாயைத் தள்ளு. பிள்ளைகளுக்கு முதலில் இ4 கற்றுக்கொடுத்துவிட்டு, டி4-ஐப் பெரியவர்கள் விஷயம் என்று ஒதுக்கி வைக்கும் வழக்கமும் இருக்கிறது. இரண்டு ஆட்டங்களை வைத்து, அந்த நினைப்பை மறுக்கவே இன்று வந்திருக்கிறேன். ஒன்று 1907-ல் போலந்தின் லோட்ஸ் நகரில் ஆடியது. மற்றொன்று 2013-ல் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீ என்ற கடலோர ஊரில் ஆடியது. இரண்டுமே டி4-ல் தொடங்கின, இரண்டிலும் கறுப்பே வென்றது. முதல் ஆட்டம் 25 நகர்த்தல்களில் முடிந்தது, இரண்டாவது 23-ல். இரண்டிலும் பலி கொடுத்த காய்களைப் பார்த்து உலகம் இன்றும் வியக்கிறது. அந்தப் பலிகளெல்லாம் எங்கிருந்து பிறந்தன என்பதுதான் என் பேச்சு.

டி4-க்கு ஒரு தனிக்குணம் உண்டு. இ4-க்குத் தள்ளிய சிப்பாய்க்குப் பின்னால் துணை யாரும் இல்லை. எதிரி உடனே அதன்மேல் பாயலாம், சண்டை சீக்கிரம் மூளும். டி4 சிப்பாய்க்கோ முதல் கணத்திலிருந்தே பின்னால் ராணி நிற்கிறாள். அதனால் சண்டை ஒரு தளம் தள்ளி, சி4-லும் சி5-லும் நடக்கிறது. வெள்ளை சி4 ஆடி, கறுப்பின் டி5 சிப்பாயை உரசி நிற்கும். ‘என்னை வெட்டு, இல்லையேல் நான் உன்னை வெட்டுவேன்’ என்று இரண்டு சிப்பாய்களும் ஒன்றையொன்று பார்த்தபடி பல நகர்த்தல்கள் நிற்கலாம். யார் முதலில் வெட்டுவது? எப்போது? ராணிச் சிப்பாய் ஆட்டத்தின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இதைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். வெள்ளையின் ராஜா பக்க பிஷப் எஃப்1-ல் தொடங்குகிறது. அது இன்னும் நகராதபோதே கறுப்பு சி4-ஐ வெட்டினால், பிஷப் ஒரே தாவலில் சி4-க்கு வந்து திருப்பி வெட்டிவிடும். வெள்ளைக்கு நஷ்டம் எதுவுமில்லை. பிஷப் முதலில் டி3-க்கு வந்த பிறகு வெட்டினால் கதையே வேறு. டி3-க்கு ஒரு நகர்த்தல் செலவாகிவிட்டது, சி4-க்கு இன்னொன்று. கறுப்பு உடனே பி5 என்று சிப்பாயைத் தள்ளி விரட்டினால், மறுபடி டி3-க்கு மூன்றாவது நகர்த்தல். ஆகவே கறுப்பு காத்திருக்கும். வெள்ளையும் பிஷப்பை நகர்த்தாமல் வேறு பயனுள்ள நகர்த்தல் ஏதாவது தேடிக்கொண்டே இருக்கும். ஆட்டக்காரர்கள் இதற்கு டெம்போ சண்டை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பார்வையாளருக்கு எதுவும் நடக்காதது போலத் தோன்றும் நேரம் இது.

இப்போது லோட்ஸுக்குப் போவோம். 1907-ல் அது ரஷ்யப் பேரரசின் கீழிருந்த நகரம், நெசவு ஆலைகளின் ஊர். வலுவான செஸ் ஆட்டக்காரர்கள் கூடுமிடமாகவும் இருந்தது. அந்த வலுவைத் தேடித்தான் அகிபா ரூபின்ஸ்டைன் ஸ்டாவிஸ்கி என்ற சிற்றூரிலிருந்து அங்கே வந்து சேர்ந்தார். யூத மதகுருவாக வேண்டும் என்று குடும்பம் எதிர்பார்த்த பிள்ளை அவர், சதுரங்கம் கற்றதே பதின்ம வயதில்தான். அந்த 1907-ல் கார்ல்ஸ்பாட் போட்டியை வென்று ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கியிருந்தார். ஆண்டின் கடைசியில் உள்ளூர்ப் போட்டியில் அவருக்கு எதிரே வெள்ளைக்காய்களுடன் உட்கார்ந்தவர் ரோட்லெவி, இன்னும் இருபது வயதைத் தொடாத இளைஞர். அவரைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். நான்கு ஆண்டு கழித்து, 26 பேர் ஆடிய 1911 கார்ல்ஸ்பாட் போட்டியில் நான்காம் இடம் பிடித்தவர் அவர்.

பலகையில் காய்களை வைக்கிறேன், நீங்களும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டி4, டி5. குதிரை எஃப்3, இ6. இ3, சி5. சி4, குதிரை சி6. குதிரை சி3, குதிரை எஃப்6. ஐந்து நகர்த்தல் முடிந்த இந்த இடத்தில் இரு தரப்பும் கண்ணாடியில் பார்த்தது போல ஒன்றாக நிற்கின்றன. ஆட்டம் வெள்ளையின் கையில்.

ஆறாவது நகர்த்தலில் ரோட்லெவி சி5 சிப்பாயை வெட்டினார். கறுப்பின் பிஷப் எஃப்8-ல்தான் இருந்தது, ஒரே தாவலில் வந்து திருப்பி வெட்டியது. சற்று முன் நான் சொன்ன நஷ்டமில்லாத வெட்டு இதுதான், இம்முறை அந்தச் சலுகை கறுப்புக்குக் கிடைத்தது. பிறகு ஏ3, ஏ6, பி4. பிஷப் டி6-க்கு ஒதுங்கியது. வெள்ளை தன் ராணிப்பக்க பிஷப்பை பி2-ல் வைத்தது, கறுப்பு காஸ்லிங் செய்தது. பத்தாவது நகர்த்தலாக ரோட்லெவி ராணியை டி2-ல் வைத்தார். ரூபின்ஸ்டைன் தன் ராணியை இ7-ல் வைத்தார். டி5-ல் இருக்கும் தன் சிப்பாயைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. வெள்ளை ராணி அதைப் பறிக்கப் போனால், இன்னும் காஸ்லிங் செய்யாத வெள்ளை ராஜாவை நோக்கி நடுப்பலகை திறந்துகொள்ளும்.

பதினோராவது நகர்த்தலில் ரோட்லெவியின் பிஷப் டி3-க்கு வந்தது. அந்த நொடியில்தான் ரூபின்ஸ்டைன் சி4-ஐ வெட்டினார். ஒரு நகர்த்தல் முன்னதாகவும் வெட்டவில்லை, ஒரு நகர்த்தல் பின்னதாகவும் வெட்டவில்லை. பிஷப் சி4-ல் திருப்பி வெட்டியது, பி5 விரட்டியது, பிஷப் மறுபடி டி3-க்கே போனது. கறுப்பு யானை டி8-க்கு வந்ததும் டி2-ல் இருந்த வெள்ளை ராணிக்கு அங்கே நிற்க முடியவில்லை, இ2-க்கு நகர்ந்தாள். கறுப்பின் மற்ற பிஷப் பி7-ல் அமர்ந்தது. பதினைந்தாவது நகர்த்தலில் ரோட்லெவி காஸ்லிங் செய்தார்.

இங்கே கொஞ்சம் நிறுத்துவோம். என் கணக்கில் இந்த ஆட்டத்தின் மிக அழகான நிலை இதுதான், ஒரு காயும் பலியாகாத இந்த நிலை. வெள்ளையின் ராணி இ2-ல், கறுப்பின் ராணி இ7-ல். பிஷப்கள் பி2, டி3. எதிரே பி7, டி6. குதிரைகள் சி3, எஃப்3. எதிரே சி6, எஃப்6. சிப்பாய்களும் அச்சுப் பிசகாமல் அப்படியே. மீண்டும் அதே கண்ணாடி. வித்தியாசம் ஒன்றே ஒன்று, கறுப்பின் யானை ஏற்கெனவே டி8-ல் நிற்கிறது. அதற்கு மேல், இப்போது ஆடும் முறையும் கறுப்பின் கையில். முதல் நகர்த்தல் ஆடியது வெள்ளை என்பதை நினைவில் வையுங்கள். வெள்ளை பிஷப் டி3-க்கு வந்து நிலைக்க மூன்று நகர்த்தல் எடுத்தது, கறுப்பு பிஷப் டி6-க்கு இரண்டே எடுத்தது. வெள்ளை ராணி இரண்டு முறை நகர்ந்தாள், கறுப்பு ராணி ஒரே முறை. ஆக இரண்டு டெம்போ கைமாறிவிட்டது. பார்வையாளர் வரிசையில் இருந்த யாருக்கும் இது கண்ணில் பட்டிருக்காது. இனி வரும் வெடிகள் அத்தனைக்கும் மருந்து இங்கே நிரம்பிவிட்டது.

ரூபின்ஸ்டைன் குதிரையை இ5-க்கு எடுத்துச் சென்றார். குதிரைகள் வெட்டிக்கொண்டன, பிஷப் இ5-ல் நின்றது. அது எச்2 சிப்பாயை வெட்டிச் செக் கொடுத்தால் ராஜா அதை வெட்டுவார். உடனே ராணி டி6-ல் செக் கொடுத்து டி3 பிஷப்பை எடுத்துக்கொள்வாள். ஒரு சிப்பாய் லாபம். அதைத் தடுக்க ரோட்லெவி எஃப்4 என்று சிப்பாயைத் தள்ளினார். துணிச்சலான நகர்த்தல்தான், ஆனால் ஜி1-க்குச் செல்லும் மூலைவிட்டத்தில் எஃப்2 என்ற கதவைத் திறந்துவிட்டது. பிஷப் சி7-க்குப் பின்வாங்கியது. இ4, யானை சி8, இ5. வெள்ளைச் சிப்பாய்கள் நடுவில் கம்பீரமாக முன்னேறின. இ3-ல் இருந்த காவலும் போயிற்று. பிஷப் பி6-லிருந்து செக் கொடுத்தது. ராஜா எச்1-க்குப் போனார், குதிரை ஜி4-க்குப் பாய்ந்தது.

ரோட்லெவி பிஷப்பை இ4-ல் நிறுத்தி, பி7 பிஷப்பின் பாதையை அடைத்தார். ரூபின்ஸ்டைன் ராணியை எச்4-க்குக் கொண்டுவந்தார். ஜி3 என்று சிப்பாய் அவளைத் தாக்கியது. அவள் அசையவில்லை. சி8 யானை பாய்ந்து சி3 குதிரையை வெட்டியது. பி2 பிஷப் அந்த யானையை வெட்டியிருந்தால், பி7 பிஷப் இ4-ஐ வெட்டிச் செக் கொடுக்கும். ராணி அதைத் திருப்பி வெட்டினால் எச்2-ல் மேட். ஆகவே ரோட்லெவி கண்ணுக்கு எதிரே இருந்த ராணியையே வெட்டினார். பதிலுக்கு மற்ற யானை டி2-க்கு வந்தது.

இந்த டி2 நகர்த்தலை நிதானமாகப் பாருங்கள். கறுப்புக்கு ராணி போய்விட்டாள். மிச்சமிருப்பது ஐந்து காய்கள். அவற்றில் டி2 யானையை வெள்ளை ராணி வெட்டலாம். சி3 யானையை பி2 பிஷப் வெட்டலாம். ஜி4 குதிரையையும் ராணி வெட்டலாம். பி7 பிஷப்பை இ4 பிஷப் வெட்டலாம். ஐந்தில் நான்கு வெட்டு வாயில் நிற்கின்றன, எதையும் காப்பாற்ற ரூபின்ஸ்டைன் ஒரு விரல் அசைக்கவில்லை. அவர் கண்டது வேறு. இ2-ல் இருக்கும் ராணிதான் இ4 பிஷப்புக்கு ஒரே காவல், அந்த பிஷப்தான் ராஜாவுக்கு ஒரே கதவு. காவலை இழுத்துவிட்டால் போதும். ராணி டி2 யானையை வெட்டினாள். பிஷப் இ4-ஐ வெட்டிச் செக் கொடுத்தது. ராணி ஜி2-க்கு ஓடி வந்து மறைத்தாள். சி3 யானை எச்3-க்கு நகர்ந்தது. ரோட்லெவி ஆட்டத்தை விட்டார்.

கடைசி நிலையில் வெள்ளைக்கு ராணி, இரண்டு யானை, ஒரு பிஷப். ஏ1 யானை ஆட்டம் முழுக்க நகரவே இல்லை. பி2 பிஷப் தன் சொந்த இ5 சிப்பாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கறுப்பில் நான்கு காய்கள், நான்குக்கும் வேலை இருக்கிறது. எச்3 யானை எச்2-ல் மேட் மிரட்டுகிறது. ஜி4 குதிரை அதற்குத் துணை நிற்கிறது. இ4 பிஷப் வெள்ளை ராணியை அசையவிடாமல் கட்டிப் போட்டிருக்கிறது. பி6 பிஷப் ஜி1-ஐ அடைத்திருக்கிறது. ‘ரூபின்ஸ்டைனின் அமர ஆட்டம்’ என்று உலகம் பெயர் வைத்தது பொருத்தம்தான்.

இந்த மனிதருக்குப் பிறகு நடந்ததையும் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. 1909-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உலகச் சாம்பியன் லாஸ்கரை நேருக்கு நேர் வீழ்த்தி, அவரோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். 1912-ல் ஒரே ஆண்டில் ஐந்து போட்டிகளில் முதலிடம். 1914-ல் லாஸ்கருடன் உலகப் பட்டத்துக்கு ஆட ஏற்பாடு நடந்தது, போர் வந்து அதை அழித்தது. போருக்குப் பிறகும் நன்றாகத்தான் ஆடினார். 1930-ல் ஹாம்பர்க் ஒலிம்பியாடில் போலந்து தங்கம் வென்றபோது முதல் பலகையில் 17-க்கு 15 புள்ளி எடுத்தவர் அவர். ஆனால் மனநோய் மெல்ல மெல்ல அவரை மூடியது. 1930-களின் தொடக்கத்தில் போட்டிகளிலிருந்து விலகி, பெல்ஜியத்தில் ஒதுங்கி வாழ்ந்து 1961-ல் மறைந்தார். ரோட்லெவியின் கதை இதைவிடச் சிறியது. நோயால் ஆட்டத்தை விட்டவர் 1920-ல், முப்பதை ஒட்டிய வயதில் இறந்துபோனார். உலகப் பட்டத்துக்குத் தகுதியிருந்தும் அது கிட்டாதவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால், என் பட்டியலில் முதல் பெயர் ரூபின்ஸ்டைன்.

அவர் விட்டுப்போனதில் நமக்கு இன்று வேண்டியது ஒன்று உண்டு. 1924-ல் இத்தாலியின் மெரானோ நகரில் நடந்த போட்டியில், கிரன்ஃபெல்டுக்கு எதிராகக் கறுப்பில் அவர் ஒரு வரிசையை ஆடினார். சி6, இ6 என்று சிப்பாய்களைக் கட்டி டி5-ஐப் பலப்படுத்திக்கொண்டு காத்திருப்பது. வெள்ளை பிஷப் டி3-க்கு வந்தவுடன் சி4-ஐ வெட்டுவது. பிறகு பி5. லோட்ஸில் 1907-ல் பார்த்த அதே எண்ணம், இம்முறை ஒரு முழுத் தொடக்கமாகவே வளர்ந்து வந்தது. ஊரின் பெயரால் அது மெரான் என்று இன்றும் வழங்குகிறது.

இனி 2013 ஜனவரி. வைக் ஆன் ஸீயில் டாடா ஸ்டீல் போட்டி, நான்காம் சுற்று. வெள்ளையில் அர்மீனியாவின் லெவோன் அரோனியன், 2800 புள்ளியைத் தாண்டியவர். கறுப்பில் நம் விஸ்வநாதன் ஆனந்த், அப்போது உலகச் சாம்பியன். டி4, டி5, சி4, சி6. குதிரைகள் வந்தன. ஆறாவது நகர்த்தலில் அரோனியன் பிஷப்பை டி3-ல் வைத்தார். ஆனந்த் சி4-ஐ வெட்டினார். பிஷப் சி4, சிப்பாய் பி5, பிஷப் மறுபடி டி3. 105 ஆண்டுக்கு முன் லோட்ஸில் அந்த பிஷப் நடந்த அதே நடை.

இருவரும் காஸ்லிங் செய்தார்கள். ஆனந்தின் பிஷப்கள் டி6-லும் பி7-லும் அமர்ந்தன, யானை சி8-க்கு வந்து சி2-ல் இருந்த வெள்ளை ராணியின் எதிரே நின்றது. பன்னிரண்டாவது நகர்த்தலில் அரோனியன் குதிரையை ஜி5-க்கு அனுப்பி எச்7-ஐக் குறிவைத்தார். ஆனந்த் அதைக் காக்கவில்லை, சி5 ஆடினார். குதிரை எச்7 சிப்பாயை வெட்டி எஃப்8 யானையையும் தாக்கியது. ஆனந்த் அதையும் கண்டுகொள்ளாமல் தன் குதிரையை ஜி4-க்கு அனுப்பினார். எச்2-ல் மிரட்டல். அரோனியன் எஃப்4 தள்ளி டி6 பிஷப்பின் பாதையை அடைத்தார். ரோட்லெவி ஆடிய அதே சிப்பாய், அதே கட்டம். இங்கும் ஜி1-க்கான மூலைவிட்டம் திறந்தது.

டி4-ல் சிப்பாய்கள் வெட்டிக்கொண்டன. டி6-ல் பாதை அடைபட்ட பிஷப்பை ஆனந்த் சி5-க்கு மாற்றினார், வெள்ளைச் சிப்பாயின் வாயிலேயே! வெட்டினால் டி7 குதிரை சி5-க்கு வந்து டி3 பிஷப்பைத் தாக்கும், கறுப்பு ராணிக்கு டி4-ல் செக் கொடுக்கவும் வழி திறக்கும். அரோனியன் பிஷப்பை இ2-க்கு இறக்கி ஜி4 குதிரையைத் தாக்கினார். அப்போது மற்ற குதிரை இ5-க்கு வந்தது. எஃப்4 சிப்பாய் அதை வெட்டலாம். வெட்டினால் ராணி டி4-ல் செக் கொடுப்பாள், ராஜா எச்1-க்குப் போவார், ராணி ஜி1-ல் தன்னையே கொடுத்துச் செக் வைப்பாள். சி5 பிஷப் அவளைக் காப்பதால் ராஜா வெட்ட முடியாது, யானைதான் வெட்ட வேண்டும். குதிரை எஃப்2-ல் மேட். சொந்தக் காய்களே சுற்றி நின்று ராஜாவின் மூச்சை அடைக்கும் மேட் அது.

அரோனியன் அந்தக் குழியில் விழவில்லை. ஜி4 குதிரையை வெட்டினார். பிஷப் டி4-ல் செக் கொடுத்தது, ராஜா எச்1-க்கு ஒதுங்கினார், மற்றக் குதிரை ஜி4-க்கு வந்து பிஷப்பை வெட்டியது. அரோனியன் எஃப்8 யானையை எடுத்தார். இப்போது ஆனந்த் அந்தக் குதிரையை உடனே வெட்டவில்லை. எஃப்5 என்று ஒரு சிப்பாயைத் தள்ளினார். வெள்ளை ராணி எச்7-க்குப் பாயும் பாதை மூடியது, ஜி4 குதிரைக்கும் காவல் கிடைத்தது. இவ்வளவு இரைச்சலுக்கு நடுவே இவ்வளவு சாந்தமான ஒரு நகர்த்தல்! இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

குதிரை ஜி6-க்கு ஓடியது. எஃப்6-க்கு வந்த ராணி, அரோனியன் எச்3 ஆடியதும் ஜி6 குதிரையை வெட்டிவிட்டு எச்5-க்கு நகர்ந்தாள். எச்3 சிப்பாய் இனி ஜி4 குதிரையை வெட்ட முடியாது, நகர்ந்தால் ராஜாவுக்குச் செக். வெள்ளை ராணி டி3-லிருந்து டி4 பிஷப்பைத் தாக்கினாள். பிஷப் இ3-க்கு ஒரு கட்டம் நகர்ந்தது. அதே நகர்த்தலில் டி3-க்கும் எச்3-க்கும் இடையில் சுவராகவும் நின்றது, ஜி1-ஐயும் அடைத்தது. அடுத்து ராணி எச்3-ஐ வெட்டினால் மேட். ஜி2 சிப்பாய் அவளை வெட்டலாமே என்றால், பி7 பிஷப் நெடுந்தூரத்திலிருந்து அதையும் கட்டிப் போட்டிருக்கிறது. அரோனியன் கைகொடுத்தார். ஜி4-ல் குதிரை, பி7-லிருந்து ஓடும் நீண்ட மூலைவிட்டம், ஜி1-ஐ அடைத்த கறுப்புக் கட்ட பிஷப், எச்1-ல் ஒடுங்கிய ராஜா. ரோட்லெவி ஆட்டத்தின் சாயலை ஆட்டம் முடிந்த பிறகு ஆனந்தே குறிப்பிட்டார்.

இதைப் பற்றி ஒரு விவாதம் உண்டு, அதைத் தவிர்க்க விரும்பவில்லை. இந்த வரிசையின் பெரும்பகுதி ஆனந்தும் அவருடைய குழுவும் 2012-ல் மாஸ்கோவில் கெல்ஃபாண்டுடன் நடந்த உலகப் பட்டப் போட்டிக்காகத் தயாரித்தது. அங்கே பயன்படாமல், எட்டு மாதம் கழித்து இங்கே பலகைக்கு வந்தது. ‘வீட்டில் கண்டுபிடித்ததை வந்து ஆடினார், இதில் என்ன கலை?’ என்று சிலர் கேட்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. குறிப்பில் இருப்பது வேறு, கடிகாரம் ஓடும்போது பல காய்கள் தாக்குதலில் நிற்க, அந்தக் குறிப்பை நம்பிக் காய்களைக் கைவிடுவது வேறு. எட்டு மாதப் பழைய நினைவு முழுசாக வராது. வராத இடத்தை நிரப்ப, அந்த நிலை ஏன் கறுப்புக்கு நல்லது என்ற அறிவு வேண்டும். அந்த அறிவு ஒரு கணினியின் எண்ணிலிருந்து மட்டும் வருவதில்லை. டி3 பிஷப் இழந்த ஒரு டெம்போவை, சி2 ராணி எதிரே நிற்கும் யானையை, எஃப்4 திறந்துவிடும் கதவை ஒரு மனிதன் ஆண்டுக்கணக்கில் பழகி உணர்ந்திருக்க வேண்டும். ரூபின்ஸ்டைன் கணினி இல்லாமல் உணர்ந்ததை ஆனந்த் கணினியோடு சேர்ந்து ஆழப்படுத்தினார். இருவரிடமும் நான் காண்பது ஒரே உழைப்பு.

இங்கே வந்திருக்கும் இளம் ஆட்டக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கணினி இரண்டு ஆட்டங்களையும் சில நொடிகளில் அலசித் தரும், அதை அப்புறம் பாருங்கள். முதலில் லோட்ஸ் ஆட்டத்தில் பத்தாவது நகர்த்தலுக்குப் பிந்தைய நிலையைப் பலகையில் வைத்து, வெள்ளையாக உட்காருங்கள். பிஷப்பை டி3-ல் வைக்காமல், முதலில் டி5-ல் சிப்பாய்களை மாற்றிக்கொண்டு, பிஷப்பை இ2-ல் அடக்கமாக வைத்து ஆடிப் பாருங்கள். எதிரே உங்கள் நண்பர் கறுப்பில் என்ன செய்கிறார் என்று எழுதி வையுங்கள். பலகையை இப்போது அந்த நிலைக்கே திருப்பி வைக்கிறேன். வெள்ளைக்கு இதைவிட நல்ல வழி தெரிகிறது என்பவர்கள் மேடைக்கு வரலாம்.